இனாஸுக்குப் பதிலாக

ஆகஸ்ட் மாதம் வந்தால் கெய்ரோவே காலியாகி அலெக்சாந்திரியாக் கடற்கரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலும் அஸாஃப்ரா பக்கம் எள் விழ இடமிருக்காது. குடையோடு குடை உரசும், நாற்காலியோடு நாற்காலி இடிக்கும், நாம் கொறித்துத் துப்பிய பூசணி விதைத் தோல் அடுத்த குடும்பத்தின் தேநீரில் போய் விழும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவனின் முதுகைத் தாண்டி எக்கிப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் வருடம் முழுக்க ஏங்கிக் கிடக்கிறோம். என்ன செய்வது, நம் புத்தி அப்படி.

அந்தக் கூட்டத்தில், நீலக் கோடு போட்ட ஒரு குடையின் கீழே, இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இனாஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் அவளைப் பெற்றவர்கள், அப்பா ஃபத்ஹியும் அம்மா சாமியாவும். வலது பக்கம் அவள் கட்டிக்கொள்ளப் போகிற ஹிஷாம், அவனுடைய அம்மா இல்ஹாம், அப்பா ஷவ்கி. இரண்டு குடும்பமும் கெய்ரோவில் ஷூப்ரா பேட்டையில் ஒரே கட்டடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியும். நிச்சயதார்த்தம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெருநாள் கழித்துக் கல்யாணம் என்று பேச்சு. அதற்கு முன்னால் இரண்டு வீடும் ஒன்றாகக் கடற்கரைக்குப் போய் வரலாம் என்று ஷவ்கி ஆசைப்பட்டு, ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். இரண்டே படுக்கையறை. ஒன்றில் பெண்கள், ஒன்றில் ஆண்கள். திருட்டு பயம் என்று இல்ஹாம் வாசல் கதவை உள்பக்கம் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வாள். குளியலறைக்கு எப்போதும் வரிசை. படுக்கையெல்லாம் மணல்.

இனாஸுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லத்தான் முடியவில்லை.

இதைக் கேட்டதும் எல்லோரும் ஹிஷாமைத்தான் சந்தேகப்படுவார்கள். பாவம், அவன்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது. சிகரெட் கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது, ஏசி ரிப்பேரில் கைராசிக்காரன் என்று பேட்டையே சொல்லும். அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். இனாஸிடம் யார் எதைக் கேட்டாலும் அவன் பதில் சொல்வான்.

வந்த முதல் நாள் மீன்கடையில் உட்கார்ந்திருந்தபோது பரிமாறுகிறவர் இவளைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு என்னம்மா?"

"அவளுக்குச் சுட்ட மீன்," என்றான் ஹிஷாம். "முள்ளெடுத்துக் குடுத்துடுங்க. இறால் வேணாம், அவளுக்கு ஒத்துக்காது."

இறால் என்றால் இனாஸுக்கு உயிர். நிச்சயதார்த்தம் ஆன புதிதில் ஒரு தடவை இறால் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவன் மருந்துக்கடைக்கும் வீட்டுக்கும் நாலு தடவை ஓடினான். அதை அவன் மறக்கவில்லை. இவளைப் பற்றிய எதையும் அவன் மறப்பதில்லை. தலைவலி வந்தால் அவளுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். ஆரம்பத்தில் இனாஸ் பூரித்துத்தான் போனாள். நம்மை இவ்வளவு கவனிக்கிறவன் யாருக்குக் கிடைப்பான் என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டாள். பிறகு மெல்ல மெல்ல ஒரு பயம் பிடித்தது. எனக்கு இறால் பிடிக்குமா பிடிக்காதா என்று அவளே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிக்கடை விஷயம். இனாஸ் ஷூப்ராவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணைச் சோதித்து, கண்ணாடி போட்டுவிட்டு, "இப்ப தெரியுதா?" என்று கேட்பாள். கிழவர்கள் சிரித்துக்கொண்டே தெரு முனைப் பலகையைப் படித்துக் காட்டுவார்கள். அந்த வேலையை அவள் நேசித்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கடை முதலாளி அவளைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலைக்கு வரமாட்டாயாமே, ஹிஷாம் வந்து சொல்லிவிட்டுப் போனான், வேறு ஆள் பார்த்துவிட்டேன் என்றார்.

அவனிடம் கேட்டாள். அவன் அதிசயமாகப் பார்த்தான்.

"நாள் பூரா நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு நீதானே சொன்ன? உனக்குச் சொல்லக் கூச்சமா இருக்கும்னு நானே போய்ச் சொல்லிட்டேன்."

திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன சொல்வது?

கடற்கரைக்கு வந்த நாலாம் நாள் இனாஸ் ஒரு கோழைத்தனமான காரியம் செய்தாள். வாயால் சொல்ல முடியாததை மோதிரத்தை வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தாள். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கடலில் தொலைத்த பெண்ணை எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? அசமந்தம் என்பாள், ராசியில்லாதவள் என்பாள், பேச்சு வளரும், சாமியா பதிலுக்கு ஏதாவது சொல்வாள், இரண்டு வீடும் முறைத்துக்கொள்ளும், கல்யாணம் தானாக நின்றுவிடும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலது கையை அலைக்குள் விட்டாள். விரலை மடக்கி மோதிரத்தை உருவிவிட்டாள். தங்கம் கையை விட்டுப் போன அந்த நொடியில் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவன் ஆசையாக வாங்கிப் போட்ட மோதிரம்.

அழுதுகொண்டே குடைக்கு வந்தாள். "மோதிரம் போயிடுச்சு மாமி."

சாமியா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஹிஷாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையோடு ஓடிப்போய்க் கடலில் பாய்ந்தான். இனாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏச்சுக்குக் காத்திருந்தாள். அவளை இரண்டு பெரிய கைகள் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டன.

"அழாத கண்ணு, அழாத!" என்றாள் இல்ஹாம். "போனா போகட்டும். உங்க ரெண்டு பேருக்கும் வர இருந்த கெட்டதை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. இதுக்குப் போய் அழுவாங்களா? சந்தோஷப்படணும்டி!"

நம் ஊர் வழக்கம் இனாஸுக்குத் தெரியாதது இல்லை. கண்ணாடி டம்ளர் உடைந்தாலும் இதைத்தான் சொல்வோம்; காப்பி கொட்டினால் நல்லது வரப்போகிறது என்போம். நமக்கு எது நடந்தாலும் நல்லதற்குத்தான். பதற்றத்தில் அவள் இதை யோசிக்கவே இல்லை.

இல்ஹாமோ அதோடு விடுகிற ஆள் இல்லை. அடுத்த குடையைக் கடைக்கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "நேத்தே பாத்தேன். அந்தப் பச்சை முக்காடு போட்டவ நம்ம புள்ளைங்களையே வச்ச கண்ணு வாங்காம பாத்துக்கிட்டிருந்தா. அல்லாவோட பேரைக்கூடச் சொல்லல. ஷவ்கி, கேட்டுக்கோங்க. இது கண்ணு பட்டதுதான். இன்னிக்கு மோதிரத்தோட போச்சு, நாளைக்கு எதுல வந்து முடியும்? பெருநாள் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நிக்காஹ் இங்கயே எழுதிடுவோம். விருந்து வேணும்னா ஊர்ல போய் வச்சுக்கலாம்."

"காகிதமெல்லாம்?" என்றார் ஷவ்கி.

"எல்லாம் என் பையில இருக்கு. டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கு, போட்டோவும் இருக்கு. நான் எதுக்கு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுத் திரியறேன்னு சிரிச்சீங்களே!"

ஷவ்கி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி அஸாஃப்ராவிலேயே இருந்தார். அவருக்குத் தெரிந்த, நிக்காஹ் எழுதிவைக்கும் காஜியார் ஒருவரும் இருந்தார். குடையின் நிழல் நகர்வதற்குள் போன் பேசி முடித்தாகிவிட்டது. வியாழக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அன்றைக்குச் செவ்வாய்.

இனாஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிச்சயதார்த்தம் மட்டும் என்றால் வேண்டாமென்று முறித்துக்கொள்ளலாம். ஊர் நாலு நாள் பேசிவிட்டு ஓய்ந்துவிடும். நிக்காஹ் எழுதிவிட்டால் அவள் அவன் மனைவி. அப்புறம் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் விவாகரத்து. பெருநாள் வரை இருந்த அவகாசத்தைத் தன் கையாலேயே கடலில் வீசிவிட்டு நிற்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெயில் சாயும்வரை ஹிஷாம் முங்கி முங்கித் தேடினான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, உதடு வெளுத்துக் கரையேறி வந்தான். "விடு, இதைவிட நல்லதா வாங்கிக்கலாம். நீ அதை நினைச்சு வருத்தப்படாத," என்றான். அவனை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

மறுநாள் காலையில் இனாஸ் அப்பாவைப் பிடித்தாள். ஃபத்ஹிக்குக் கடல் என்றால் பயம். வேட்டி கட்டினாற்போல் ஜல்லாபியா அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நிற்பார், அவ்வளவுதான். அவர் கையைப் பிடித்து இடுப்பளவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் டயரில் மிதந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

"அப்பா, எனக்கு ஹிஷாம் வேணாம்."

ஃபத்ஹி வந்த அலைக்கு எம்பினார். "தண்ணி ஜில்லுனு இருக்குல்ல?" என்றார்.

"அப்பா!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. கத்தாத." அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் இல்ஹாம் நின்றுகொண்டு இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் அசைத்தார். "அடிச்சானா?"

"இல்லப்பா."

"கெட்ட வார்த்தை பேசினானா? வேற பொண்ணு கிண்ணுன்னு ஏதாவது?"

"அதெல்லாம் இல்லப்பா. என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்கறான். எனக்கு என்ன வேணும்னு அவனே முடிவு பண்றான். மூச்சு முட்டுதுப்பா."

"இதை நான் போய் ஷவ்கிகிட்ட எப்படிச் சொல்றது? 'உன் புள்ளை என் பொண்ணை ரொம்ப நல்லா கவனிச்சுக்கறான், அதனால வேணாம்'னு சொல்லவா?" ஃபத்ஹி முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு லிஃப்டும் இல்ல, ஆம்புலன்சும் வரல. அந்த மனுஷன் என்னை முதுகுல தூக்கிக்கிட்டு மாடிப்படி பூரா இறங்கினான். அவன் முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?"

"அப்ப என் முகத்துல?"

அடுத்த அலை வந்து அவரை நிலைகுலையச் செய்தது. அவள் தாங்கிப் பிடித்தாள். "பழகிடும்மா," என்றார் கடைசியில். "எங்களுக்கெல்லாம் பழகலையா? பேசாம இரு." சொல்லிவிட்டு, கடலுக்குப் பயந்த அந்த மனிதர் அவள் கையை விடுவித்துக்கொண்டு தனியாகவே கரைக்கு நடந்தார்.

அன்று மாலை ஹிஷாமிடமே சொல்லிவிடுவது என்று துணிந்தாள். கடற்கரைச் சாலையில் குடும்பமே காலாற நடந்துகொண்டிருந்தது. இவர்கள் இருவரும் இரண்டடி முன்னால். ஹிஷாம் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான். அவளுக்குப் பால், அவனுக்கு மாம்பழம்.

"ஹிஷாம், நான் ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்," என்றான். "பயமா இருக்கு. அதானே?"

"அது இல்ல..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஊர்ல இல்லாம இங்க வச்சு எழுதறமே, தோழிங்க யாரும் வரலையேன்னு உனக்கு வருத்தம். முகத்தைப் பாத்தாலே தெரியுது. அம்மாகிட்ட சொல்லிட்டேன், விருந்துக்கு எல்லாரையும் கூப்பிடலாம். உருகுது பாரு, சாப்பிடு."

அவன் முகத்தில் அவ்வளவு அன்பு இருந்தது. இனாஸ் உருகி வழிந்த பாலை நக்கினாள். வாயை அடைப்பதற்கென்றே கண்டுபிடித்தது போலிருந்தது அந்த ஐஸ்கிரீம். பின்னால் இல்ஹாம் சாமியாவிடம், "பாரு, புறா ஜோடி மாதிரி," என்று சொன்னது காதில் விழுந்தது.

படுக்கையில் இல்ஹாமுக்கும் சாமியாவுக்கும் நடுவில் அவளைப் போட்டிருந்தார்கள். புரண்டால் ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் மாமி. சாமியா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். "அப்பா சொன்னாரு," என்று காதோரம் கிசுகிசுத்தாள். "கல்யாணம் நெருங்கினா எல்லாப் பொண்ணுக்கும் இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிச்சுது. யாருகிட்டயும் சொல்லி மானத்தை வாங்காத." அவ்வளவுதான். அப்பாவையும் கேட்டாகிவிட்டது, அம்மாவும் சொல்லிவிட்டாள். இனாஸ் மல்லாந்து படுத்து விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்மேல் தனக்கே வெறுப்பாக இருந்தது. இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு 'வேண்டாம்' சொல்லத் தெரியவில்லையே!

வியாழக்கிழமை வீடு கல்யாண வீடாகிவிட்டது. இல்ஹாம் காலையிலேயே ஒரு குலவை போட்டாள். அவள் குலவைக்கு ஷூப்ராவில் பெரிய பெயர் உண்டு. நாக்கைச் சுழற்றி ஆரம்பித்தாள் என்றால் தெருக்கோடி வரை ஜன்னல் திறக்கும். அஸாஃப்ராவிலும் திறந்தது. மேல்மாடியிலிருந்தும் கீழ்மாடியிலிருந்தும், முன்பின் தெரியாத பெண்கள் ஈரத் தலையோடும் கடல் மணலோடும் வந்து சேர்ந்துவிட்டார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒரு கல்யாணம் கிடைத்தால் யார் விடுவார்கள்? அவர்களில் ஒருத்தி கண்ணுக்கு மை போட்டுவிட்டாள். இன்னொருத்தி தன் வெள்ளைச் சால்வையைக் கொடுத்தாள். கல்யாணம் ஆகாத பெண்கள் வரிசையாக வந்து இனாஸின் முழங்காலைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். மணப்பெண்ணின் முழங்காலைக் கிள்ளினால் ஒரே வாரத்தில் மாப்பிள்ளை அமையும் என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். இனாஸின் முழங்கால் கன்றிப்போனது. கட்டிலின் நடுவில் அவளை உட்காரவைத்துச் சுற்றிலும் பெண்கள் நெருக்கி அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எழுந்து ஜன்னலுக்குப் போகக்கூட வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் அப்படி ஒரு நீலத்தில் கிடந்தது.

அஸர் முடிந்ததும் காஜியார் வந்தார். சீசனில் அவருக்கு நிற்க நேரமில்லை. இதை முடித்துவிட்டு வேறொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். ஷவ்கியின் தம்பியும் கட்டடக் காவலாளியும் சாட்சிகள். கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையும் பிறகு, முதலில் வாய்ச்சொல். பெண்ணுக்கு வக்கீலாக நின்று, அவள் சார்பில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வார்த்தை கொடுக்க வேண்டியவர் ஃபத்ஹி. அதற்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும்.

காஜியார், சாட்சிகள், ஃபத்ஹி நால்வரும் படுக்கையறை வாசலுக்கு வந்து நின்றார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாயை மூடினார்கள்.

"மகளே இனாஸ்," என்றார் காஜியார். "உங்க அப்பா உனக்கு வக்கீலா நின்னு, ஹிஷாமுக்கு உன்னை நிக்காஹ் பண்ணிக் குடுக்கறாரு. உனக்குச் சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!" என்றாள் இல்ஹாம். "புள்ளை வெக்கப்படுது."

"பொண்ணு சொல்லட்டும்மா," என்றார் காஜியார். பழகிய சலிப்போடு சேர்த்துக்கொண்டார், "வெக்கமா இருந்தா பேசாம இரும்மா. மௌனமும் சம்மதம்தான்."

ஆறு மாதமாக அவள் மௌனமாகத்தான் இருந்தாள். அதைத்தானே எல்லோரும் அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டார்கள்? அவள் அப்பாவை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"இல்ல, எனக்கு வேணாம்," என்றாள்.

அவள் வாய் திறந்ததுதான் இல்ஹாமுக்குத் தெரிந்தது. அது போதும் அவளுக்கு. காத்திருந்த குலவை பீறிட்டது. அவள் தொடங்கியதும் அறையில் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் இனாஸ் சொன்னது அவள் காதுக்கே எட்டவில்லை. திரும்பவும் சொன்னாள், கத்தினாள். யாரோ அவள் கன்னத்தில் முத்தம் வைத்தார்கள். யாரோ சிவப்புச் சர்பத்தை வாயில் வைத்துச் சாய்த்தார்கள். காஜியார் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார், சாட்சிகள் திரும்பினார்கள். ஃபத்ஹி மட்டும் வாசலில் இன்னும் ஒரு கணம் நின்றார். அவர் கண் இவள் கண்ணில் பட்டது. பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு அவரும் போய்விட்டார்.

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தொண்டையில் இறங்கிய சர்பத் புரையேறியது. இனாஸ் இருமிக்கொண்டே எழுந்தாள்.

"எங்கடி போற?" சாமியா மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பயம் இருந்தது. "உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்மா."

உதறிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்களின் தொடைமேலும் தோள்மேலும் கால் வைத்து இறங்கினாள். "ஐயோ, பொண்ணு மிதிக்குதே," என்று ஒருத்தி சிரித்தாள். சால்வை எங்கோ சிக்கிக் கழன்று போனது. வெறுங்காலோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

ஃபத்ஹியும் ஹிஷாமும் எதிரெதிராக உட்கார்ந்து கைகோர்த்திருந்தார்கள். கட்டைவிரலோடு கட்டைவிரல் பொருந்தியிருக்க, கைகளின்மேல் வெள்ளைக் கைக்குட்டை. காஜியார் வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க: எனக்கு வக்காலத்துக் குடுத்திருக்கிற என் மகளை..."

"எனக்கு வக்காலத்துக் குடுத்திருக்கிற என் மகளை..."

"அவளோட சம்மதத்தின் பேர்ல..."

ஃபத்ஹி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"அவளோட சம்மதத்தின் பேர்ல," என்றார் காஜியார் மறுபடியும், கொஞ்சம் உரக்க.

"நான் சம்மதம்னு சொல்லல," என்றாள் இனாஸ்.

கூடமே அவள் பக்கம் திரும்பியது. முதலில் பேசியது ஹிஷாம்தான். கையை எடுக்காமலே காஜியாரிடம் திரும்பி, பொறுமையாக, ஒரு குழந்தைக்காக மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னான். "பதட்டத்துல பேசறா, காஜியாரே. ரெண்டு நாளா சரியாத் தூங்கல. நீங்க மேல சொல்லுங்க."

"ஆமா, ஆமா," என்றபடி இல்ஹாம் பின்னாலிருந்து வந்து இனாஸின் தோளைப் பற்றினாள். "இது கண்ணேதான். அந்தப் பச்சை முக்காடு! இப்பப் புரியுதா நான் ஏன் அவசரப்பட்டேன்னு? புள்ளைக்குத் தண்ணி குடுங்க யாராவது."

"மாமி, எனக்குத் தண்ணி வேணாம்."

"வேணும்டி, உனக்குத் தெரியல."

காஜியார் கையைத் தூக்கினார். எத்தனையோ கல்யாணம் பார்த்த மனிதர். அவசரம் எல்லாம் போய் முகம் மாறியிருந்தது. "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. நான் கேட்டப்ப பொண்ணு வாய் திறந்துச்சு, குலவை போட்டீங்க. நான் சரின்னு நினைச்சேன். இப்ப அது வேற சொல்லுது." ஃபத்ஹியிடம் திரும்பினார். "நீங்க அவளுக்கு வக்கீல். அவ என்ன சொன்னாளோ அதைத்தான் நீங்க சொல்லணும், உங்க இஷ்டம் எதுவும் இதுல கிடையாது. சொல்லுங்க. அவ உள்ள என்ன சொன்னா?"

"ஃபத்ஹி," என்றார் ஷவ்கி. அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவருக்கு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஃபத்ஹி நண்பரைப் பார்த்தார். இனாஸ் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கை அந்த வாயில் இருந்தது. அது இத்தனை நாளும் அப்படித்தான் யார் யார் வாயிலோ இருந்திருக்கிறது.

"வேணாம்னு சொன்னா," என்றார் ஃபத்ஹி.

"மாமா!" என்றான் ஹிஷாம்.

"வேணாம்னுதான் சொன்னா. குலவைல உங்க யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு." அவர் கையை உருவிக்கொண்டார். கைக்குட்டை தரையில் விழுந்தது. "நேத்துக் கடல்லயும் சொன்னா. நான்தான் கேக்காத மாதிரி கரைக்கு வந்துட்டேன். எழுதாதீங்க, காஜியாரே."

ஷவ்கி எழுந்து பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஃபத்ஹி அவர் பின்னால் போகவில்லை. போக எழுந்தவர், பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காஜியார் பேனாவை மூடினார். அடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு நழுவினார்கள். சர்பத் தட்டு நாற்காலிமேல் அப்படியே இருந்தது. ஊருக்குத் திரும்ப வேன் சனிக்கிழமைதான் வரும். அதுவரை இந்தப் பூட்டிய வீட்டில், இந்த ஒற்றைக் குளியலறையில், இந்த முகங்களோடுதான் இருந்தாக வேண்டும். ஓடிப்போக ஓர் இடமில்லை.

ஹிஷாம் கையை இன்னும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். அவன் கண்கள் கடலில் மோதிரம் தேடிய அன்று போலவே சிவந்திருந்தன. மெல்ல அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏன் இனாஸ்?"

"அது என்னன்னா..." என்று இல்ஹாம் ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்க இருங்க," என்றான் ஹிஷாம். "நான் அவளைக் கேட்டேன்."

அவன் காத்திருந்தான். வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்து, அடக்கிக்கொண்டு, திரும்பவும் காத்திருந்தான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. இனாஸ் அவனுக்கு எதிரில், அப்பா எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள், திக்கித் திக்கி, கண்ணாடிக்கடையிலிருந்து.